மலை ஏறிய டிராம்: வடம் திரித்த ஹாலிடியின் கதை

காஞ்சிபுரத்தில் வைகாசித் தேர். காந்தி ரோட்டில் கால் வைக்க இடம் இல்லை. வடம் பிடிக்க ஒரு கூட்டம், வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம், மோர்ப் பந்தலில் ஒரு கூட்டம். தேர்ச் சக்கரத்தின் பக்கத்தில் மட்டும் சிலர், கையில் முட்டுக்கட்டையுடன், கண் இமைக்காமல் நடந்து வந்தார்கள். தேர் ஓட வேண்டுமானால் ஊர் கூடி இழுக்க வேண்டும். தேர் நிற்க வேண்டுமானால் அந்தச் சிலர் போதும்.

என் பக்கத்தில் நின்ற பெரியவர் பட்டு நெசவுக்காரர். பிள்ளையார்பாளையத்தில் வீடு, வீட்டிலேயே தறி. மகன் படித்து என்ஜினீயர் ஆகி அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். மகனைப் பார்க்க மனைவியோடு போன பெரியவர், ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

அந்த ஊரில் அவர் மனதில் நின்றது கடல் மேல் கட்டிய பெரிய பாலம் அல்ல. வானத்தைத் தொடும் கட்டிடங்களும் அல்ல. ஒரு பழைய டிராம் வண்டி! அந்த வண்டிக்குள் என்ஜின் கிடையாது. மேலே மின்சாரக் கம்பி கிடையாது. இழுக்கக் குதிரையும் கிடையாது. ஆனாலும் செங்குத்தான தெருவில் மாடிப்படி ஏறுவது போல் ஏறுகிறது. தெருவுக்கு அடியில் ஒரு வடம் ஓடிக்கொண்டே இருக்கிறதாம். வண்டி அதைப் பிடித்துக்கொண்டு போகிறதாம். நம் ஊரில் மனிதர்கள் வடம் பிடிக்கிறார்கள், அங்கே வண்டியே வடம் பிடிக்கிறது என்று சொல்லிப் பெரியவர் சிரித்தார். பிறகு, இதை முதலில் செய்தவர் யார், அவருக்கு என்ன தொழில் என்று என்னைக் கேட்டார்.

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்திரிகையில் வேலை பார்ப்பவன் என்று சொல்லிக்கொண்டு பதில் தெரியாமல் நின்றது வெட்கமாக இருந்தது. ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். அந்த மனிதரின் தொழில் என்ன தெரியுமா? வடம் திரிப்பது!

அவர் பெயர் ஆண்ட்ரூ ஸ்மித் ஹாலிடி.

இழையும் புரியும்

ஹாலிடி 1836-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 16-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்துக்காரர். அவர் பெயரும் ஆண்ட்ரூ ஸ்மித்தான். யந்திரங்கள் செய்வதில் கெட்டிக்காரர். இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்யும் முறையில் பல நுணுக்கங்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்கு அரசாங்கத்திடம் உரிமை பெற்றவர்.

கம்பி வடம் என்றால் என்ன என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பட்டுப்புழு கக்கிய ஓர் இழை, ஊதினால் பறந்துவிடும். பல இழைகளைச் சேர்த்து முறுக்கு ஏற்றிப் பாவாகப் போட்டால், தறியில் எத்தனை அடித்தாலும் தாங்கும். கம்பி வடமும் அப்படியே. மெல்லிய கம்பிகளை முறுக்கினால் ஒரு புரி. சில புரிகளைச் சேர்த்து முறுக்கினால் ஒரு வடம். அதில் ஒரு கம்பி அறுந்து போனாலும் மற்றக் கம்பிகள் பாரத்தைப் பங்கிட்டுக் கொள்ளும். சங்கிலியில் அது நடக்காது. ஒரு வளையம் விட்டால் போதும், எல்லாம் போயிற்று!

இந்த வித்தை நடக்கும் வீட்டில்தான் பையன் வளர்ந்தான். 13 வயதிலேயே பட்டறையில் வேலை. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று உடம்பைக் கெடுத்துக்கொண்டான். இடம் மாறினால் உடம்பு தேறும் என்று தந்தை நினைத்தார். அவருக்கும் அப்போது தூர தேசத்தில் ஒரு வேலை காத்திருந்தது.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பையனின் பெயர் முதலில் வெறும் ஆண்ட்ரூ ஸ்மித். அரண்மனை வைத்தியராக இருந்த உறவினர் ஸர் ஆண்ட்ரூ ஹாலிடியிடம் கொண்ட மரியாதையால், ஹாலிடி என்ற பெயரையும் பிறகு சேர்த்துக்கொண்டார். உலகம் அந்தப் பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

தங்கம் தேடிப் போனவர்

1848-ம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவில், தங்கம் கிடைத்தது. செய்தி பரவியதும் உலகத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் ஜனங்கள் ஓடினார்கள். உழுதவன் கலப்பையைப் போட்டுவிட்டு ஓடினான். கடை வைத்தவன் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினான்.

1852-ம் ஆண்டு தந்தையும் மகனும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மகனுக்கு வயது 16. மரிபோஸா என்ற இடத்தில் தந்தைக்குச் சில சுரங்கங்களில் பங்கு இருந்தது. போய்ப் பார்த்தால் எதிர்பார்த்தபடி ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டே தந்தை இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். மகன் மட்டும் தங்கிவிட்டான். 17 வயதுப் பையன், பெற்றோர் கடலுக்கு அப்பால், சுற்றிலும் முன்பின் தெரியாத முரட்டு மனிதர்கள்! நம் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் விட்டுவிட்டு வருவோமா?

ஹாலிடி தங்கம் தேடினார். கைக்கு அகப்பட்டது வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாக இருந்தது. கொல்லுப் பட்டறையில் இரும்பு அடித்தார். நிலம் அளந்தார். எந்த வேலை கிடைத்தாலும் செய்தார்.

1855-ம் ஆண்டில் அவர் கையில் ஒரு பெரிய வேலை வந்தது. அமெரிக்கன் ஆறு என்ற ஆற்றின் மேலே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். நடுவில் தூண் நிறுத்த முடியாத பள்ளத்தாக்கு. ஹாலிடி கம்பி வடங்களைக் கட்டி, 220 அடி அகலத்துக்குத் தொங்கும் கால்வாய் அமைத்துத் தண்ணீரைக் கொண்டுபோனார். அப்போது அவருக்கு வயது 19.

அடுத்த ஆண்டு ஒரு சுரங்கத்தில் ஒரு தொல்லை. மலைச்சரிவில் தண்டவாளம் போட்டு, கல் நிரப்பிய வண்டிகளைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கி வந்தார்கள். கயிறு நாரில் திரித்தது. புதுக் கயிறு 75 நாளில் தேய்ந்து நைந்துவிடும். மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஹாலிடிக்குத் தந்தையின் பட்டறை நினைவுக்கு வந்தது. கையில் கிடைத்த சாதனங்களைக் கொண்டு தாமே கம்பி வடம் திரித்துக் கொடுத்தார். அந்த வடம் இரண்டு ஆண்டுகள் உழைத்தது!

தங்கம் தேடப் போனவருக்குத் தங்கம் கிடைக்கவில்லை. தொழில் கிடைத்தது. 1857-ம் ஆண்டு ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு வந்து கம்பி வடத் தொழிற்சாலை தொடங்கினார். பக்கத்து நெவாடா பிரதேசத்தில் வெள்ளிச் சுரங்கங்கள் வந்தன. ஆழம் ஆகஆக நல்ல வடம் வேண்டும். ஹாலிடியின் வடத்துக்குக் கிராக்கி ஏற்பட்டது. பல ஆறுகளில் தொங்கு பாலங்களும் கட்டினார்.

எல்லாம் வெற்றி என்று சொல்வதற்கில்லை. நெவாடா ஸிட்டி என்ற ஊரில் அவர் கட்டிய தொங்கு பாலம், 1862-ம் ஆண்டு, பார வண்டிகள் போய்க்கொண்டிருந்தபோது அறுந்து விழுந்தது. மனிதர்களும் மாடுகளும் மாண்டார்கள். பாலத்தைத் திரும்பக் கட்டினார்கள். வடத்தை நம்பி மனித உயிர் தொங்குகிறது என்பது ஹாலிடிக்குப் புத்தகத்தில் படித்த பாடம் அல்ல. பதினொரு வருஷம் கழித்து, ஒரு மூடுபனிக் காலையில், அவர் மலை உச்சியில் நின்றபோது, இதை மறந்திருப்பாரா?

குதிரைகள் பட்ட பாடு

ஸான் பிரான்ஸிஸ்கோ மலைகள் மேல் அமைந்த நகரம். ஊரை அமைத்தவர்கள் மலை இருக்கிறதே என்று வளைந்து போகவில்லை. காகிதத்தில் அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி தெருக்களை நேராகப் போட்டுவிட்டார்கள். திருப்பதி மலைப் படிக்கட்டை அப்படியே வழித்துத் தெருவாக்கினால் எப்படி இருக்கும்? சில தெருக்கள் ஏறக்குறைய அப்படித்தான்.

அந்தத் தெருக்களில் டிராம் வண்டிகளைக் குதிரைகள் இழுத்தன. சமதரையில் இரண்டு குதிரை இழுக்கும் வண்டிக்கு மலையில் நாலு, ஐந்து குதிரை பூட்ட வேண்டும். பாவும் கல் மழையில் நனைந்தால் வழுக்கும். குளம்பு பிடிக்காது.

1869-ம் ஆண்டில் ஒரு மழை நாள். ஐந்து குதிரைகள் பூட்டிய வண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு குதிரை சறுக்கி விழுந்தது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக் போட்டும் நிற்கவில்லை. விழுந்த குதிரைகளை வண்டி கற்கள் மேல் இழுத்துக்கொண்டே கீழே போயிற்று. ஹாலிடி இதைக் கண்ணால் கண்டார் என்றும், அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் வரவில்லை என்றும் சொல்வது வழக்கம். ஒரே நாளில் பிறந்த யோசனையோ, பல நாள் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த யோசனையோ, குதிரைகள் படும் வதைதான் அவரை இந்த வேலையில் இறக்கியது. அதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

சுரங்கத்தில் கல் வண்டியை வடம் இழுக்கிறதே, தெருவில் ஆள் வண்டியை ஏன் இழுக்கக் கூடாது?

கேட்பதற்கு எளிது. செய்வதற்கு? பழனிக்குப் போனவர்கள் விஞ்ச் வண்டியில் ஏறியிருப்பார்கள். 1966-ம் ஆண்டு முதல் ஓடுகிறது. அங்கே வடத்தின் நுனி வண்டியோடு கட்டப்பட்டிருக்கிறது. யந்திரம் வடத்தைச் சுற்றினால் வண்டி ஏறும். யந்திரம் நின்றால் வண்டி நிற்கும். அது கோவில் மலைக்குச் சரி. ஊர்த் தெருவுக்குச் சரிப்படுமா? தெருவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து வண்டி வரும். ஒருவர் இந்த முனையில் இறங்குவார், ஒருவர் அந்த முனையில் ஏறுவார். ஒரு வண்டி நிற்பதற்காக எல்லா வண்டியையும் நிறுத்த முடியுமா?

ஹாலிடி கண்ட வழி இது. வடத்துக்கு நுனியே வேண்டாம். இரண்டு நுனிகளையும் ஒன்றாகப் பிணைத்து ஒரே வளையமாக்கிவிட வேண்டும். தெருவுக்கு அடியில் ஒரு கால்வாய் வெட்டி, அதற்குள் அந்த வளையம் ஓயாமல் ஓட வேண்டும். மலை உச்சியில் ஒரு நீராவி யந்திரம் அதை ஓட்டிக்கொண்டே இருக்கும். கால்வாய்க்கு மேலே, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு நீண்ட சந்து. வண்டியிலிருந்து ஓர் இரும்புக் கை அந்தச் சந்து வழியாக இறங்கும். வண்டி ஓட்டுபவர் மேலே பிடியை இயக்கினால், கீழே அந்தக் கை வடத்தைக் கவ்விப் பிடிக்கும். வண்டி நகரும். பிடியை விட்டுப் பிரேக் போட்டால் வண்டி நிற்கும். வடம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

வண்டி போவது ஓட்டுபவரால் அல்ல. அவர் செய்வதெல்லாம் பிடிப்பதும் விடுவதும்தான். எப்போது பிடிப்பது, எவ்வளவு பிடிப்பது, எங்கே விடுவது என்பதில்தான் சூட்சுமம். சட்டென்று பிடித்தால் வண்டி குதிக்கும், பிரயாணிகள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும்.

இந்தப் பெருமை முழுவதும் ஹாலிடி ஒருவருக்கே உரியது என்று எழுதினால் நியாயம் ஆகாது. அந்தத் தெருவில் வடத்தால் வண்டி இழுக்க உரிமை வாங்கி வைத்திருந்தவர் பெஞ்சமின் புரூக்ஸ் என்ற வக்கீல். பணம் திரட்ட முடியாமல் அவர் அந்த உரிமையை ஹாலிடியிடம் கொடுத்துவிட்டார். வடத்தைக் கவ்வும் இரும்புக் கையையும் மற்ற யந்திரங்களையும் வரைந்து உருவாக்கியதில் வில்லியம் எப்பல்ஷைமர் என்ற ஜெர்மன் என்ஜினீயருக்குப் பெரிய பங்கு உண்டு. சேலையைப் பார்த்தவர்கள் கடைக்காரரைப் புகழ்வார்கள்; பாவு பூட்டியவர் பெயர் யாருக்குத் தெரிகிறது? எப்பல்ஷைமர் விஷயமும் கொஞ்சம் அப்படித்தான். பிறகு அவர் கியரி தெருவில் 1880-ம் ஆண்டு வந்த லைனுக்குத் தம் சொந்த முறையில் வேறு ஒரு பிடி செய்து கொடுத்தார்.

கை இருப்பு முழுவதும் பணயம்

தெருவின் பெயர் கிளே. ஏறும் தூரம் சுமார் 2,800 அடி. அந்தத் தூரத்துக்குள் சுமார் 300 அடி உயரம் ஏற வேண்டும்.

பணம்? ஹாலிடி தம் கையிருப்பைப் போட்டார். ஜோஸப் பிரிட்டன், ஹென்றி டேவிஸ், ஜேம்ஸ் மாபிட் என்ற மூன்று நண்பர்கள் போட்டார்கள். தெருவில் வீடும் மனையும் வைத்திருந்தவர்களிடம் கேட்டார்கள். மலை மேல் மனை வாங்குவார் இல்லாத காலம் அது. வண்டி ஓடினால் மனை விலை ஏறும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் தயங்கினார்கள். சிலர் எழுதிய தொகையைக் கொடுக்கவும் இல்லை. வண்டி மலை ஏறும், ஆனால் இறங்கும்போது கடலுக்குள் போய்த்தான் நிற்கும் என்று நினைத்தவர்கள் ஊரில் ஏராளம். பற்றாக்குறைக்குக் கடன் வாங்கினார்கள்.

இன்னொரு நெருக்கடி. நகரசபை கொடுத்த உரிமைப்படி 1873-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1-ந் தேதிக்குள் வண்டி ஓடியாக வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். போட்ட பணமும் போய்விடும். தெரு வெட்டியதில் தொல்லை. தண்ணீர்க் குழாய்கள் குறுக்கே வந்தன. வேலை இழுத்துக்கொண்டே போயிற்று.

ஆகஸ்டு 1-ந் தேதி வந்தது. வண்டி ஓடவில்லை. இரவெல்லாம் வேலை நடந்தது.

ஆகஸ்டு 2-ந் தேதி விடியற்காலை

பொழுது இன்னும் சரியாகப் புலரவில்லை. கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்திருந்தது. மலை உச்சியில் நீராவி யந்திரம் இரைந்தது. தெருவுக்கு அடியில் வடம் ஓடும் சத்தம் கேட்டது. கூட்டம் இல்லை, கொடி இல்லை, மேளம் இல்லை. பங்குதாரர்களும் வேலைக்காரர்களும் மட்டும் வண்டியைச் சுற்றி நின்றார்கள்.

வண்டியை ஓட்ட ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். அவர் மலை உச்சியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தார். பனிக்குள் தெரு எங்கே போகிறது என்றே தெரியவில்லை. பாதாளம் மாதிரி இருந்தது. முகம் வெளுத்துப் போய், தம்மால் ஆகாது என்று சொல்லிப் பிடியை விட்டு இறங்கிவிட்டார் என்று இன்றும் அந்த ஊரில் சொல்லி வருகிறார்கள். அவரைக் குறை சொல்ல முடியுமா? வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

ஹாலிடி ஏறிப் பிடியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

இரும்புக் கை வடத்தைக் கவ்வியது. வண்டி உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியது. அறுந்து விழுந்த பாலம் அவர் நினைவுக்கு வந்திருக்குமா? இந்த வடம் அவருடைய தொழிற்சாலையில் திரித்த வடம். அதில் எத்தனை கம்பி, எத்தனை புரி, எத்தனை முறுக்கு என்று அவருக்குத் தெரியும். அவர் ஏறியது குருட்டுத் தைரியத்தால் அல்ல. தாம் செய்த பொருளின் பலம் தெரிந்ததால்தான் ஏறினார். தான் நெய்த சேலையின் முந்தானையை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டும் நெசவாளிக்கு இருக்கும் நம்பிக்கை அது.

வண்டி பத்திரமாக அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. திருப்பி நிறுத்தினார்கள். மறுபடியும் வடத்தைப் பிடித்தது. பனியைக் கிழித்துக்கொண்டு மலை ஏறியது. ஒரு குதிரைகூட இல்லாமல்!

அன்று பகலில் ஊரார் முன்னிலையில் மறுபடியும் ஓட்டினார்கள். காலையில் ஏறப் பயந்த ஊர், பகலில் இடம் பிடிக்க முண்டியடித்தது. இருக்கையில் உட்கார்ந்தவர்கள் போக, படியிலும் கூரையிலும் தொற்றிக்கொண்டார்கள். கெடு ஒரு நாள் தாண்டிவிட்டது. ஆனால் நகரசபை அதைப் பெரிதுபடுத்தவில்லை. செப்டம்பர் 1-ந் தேதி முதல் பொதுஜனங்களுக்கு ஒழுங்காக வண்டி ஓடத் தொடங்கியது. கட்டணம் 5 செண்ட்.

அதே 1873-ம் ஆண்டு பிப்ரவரியில்தான் நம் நாட்டில், கல்கத்தாவில், முதல் குதிரை டிராம் ஓடியது. போதிய வரும்படி இல்லாமல் நவம்பரிலேயே நின்றுவிட்டது. உலகத்தின் ஒரு மூலையில் குதிரையைப் பூட்டிய அதே ஆண்டில் இன்னொரு மூலையில் குதிரையை அவிழ்த்துவிட்டார்கள்!

நெசவாளர் தம்பதிகளின் சவாரி

நம் காஞ்சிபுரத்துப் பெரியவர் இந்த வண்டியில் ஏறியது பவல் தெரு முனையில். அங்கே வண்டிக்குப் பின்னால் போகத் தெரியாது. தெரு முடிவில் வட்டமான மர மேடை ஒன்று இருக்கிறது. வண்டி அதன் மேல் வந்து நின்றதும், ஓட்டுபவரும் கண்டக்டரும் இறங்கிக் கையாலேயே மேடையோடு வண்டியைச் சுற்றித் திருப்புகிறார்கள். செக்கு சுற்றுவது போல் இருந்தது என்றார் பெரியவர். வேடிக்கை பார்க்கும் கூட்டம் கைதட்டுகிறது. வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற அலுப்பு அந்த நேரத்தில் போய்விட்டதாம்.

வண்டியின் முன்பாதி திறந்த வெளி. வெளிப்பக்கம் பார்த்த பெஞ்சு. படியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றும் வரலாம். பெரியவர் நின்றார். அம்மாள் காஞ்சிப் பட்டு உடுத்திக்கொண்டு போயிருந்ததால், குளிர்காற்றுக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

ஓட்டுபவர் நடுவில் நின்று, ஆள் உயர இரும்புப் பிடியை உடம்பு முழுவதும் சாய்த்து இழுக்கிறார். மணியைத் தாளம் போட்டு அடிக்கிறார். வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மேடானாலும் பள்ளமானாலும் அதே வேகம். வடம் எவ்வளவு வேகமோ வண்டியும் அவ்வளவுதான். ஓரிடத்தில் வேறு ஒரு லைன் குறுக்கே போகிறது. அதன் வடம் மேலாக ஓடுவதால், நம் வண்டி அதற்கு முன்பே தன் வடத்தை விட்டுவிட்டு, வந்த வேகத்திலேயே உருண்டு அந்தப் பக்கம் போய்த் திரும்பப் பிடிக்க வேண்டும். விட மறந்தால் வடத்துக்கே ஆபத்து. உச்சியில் நின்று பார்த்தால் தெரு நேராகக் கடலுக்குள் இறங்குவது போல் தெரிகிறது. நடுக்கடலில் பழைய சிறைச்சாலைத் தீவு.

இறங்கும்போது அம்மாளுக்கு ஒரு சந்தேகம். எங்கேயோ விறகு கருகும் வாடை. யார் வீட்டில் இங்கே கட்டை அடுப்பு என்று கேட்டாராம். அடுப்பு அல்ல! அந்த வண்டியில் பிரேக்குகள் பல. அவற்றில் ஒன்று மரக்கட்டை. சக்கரங்களுக்கு நடுவில் உள்ள கட்டைகளைத் தண்டவாளத்தின் மேல் அழுத்தினால் வண்டி வேகம் குறையும். உராய்ந்து உராய்ந்து கட்டை கருகும். சில நாளைக்கு ஒருமுறை புதுக்கட்டை மாற்றுகிறார்கள். பெரியவருக்கு இதைக் கேட்டதும் ஒரே சந்தோஷம். ஆயிரம் யந்திரம் வந்தாலும் தேரை நிறுத்த முட்டுக்கட்டைதான் என்று மகனிடம் சொன்னாராம்.

வாஷிங்டன் தெருவும் மேசன் தெருவும் சந்திக்கும் இடத்தில் யந்திரசாலை இருக்கிறது. பெரிய பெரிய சக்கரங்கள் சுழன்று எல்லா வடங்களையும் அங்கிருந்தே ஓட்டுகின்றன. இப்போது மின்சார மோட்டார். அதே கட்டிடத்தில் காட்சிசாலையும் உண்டு. கிளே தெருவில் ஹாலிடி கம்பெனி ஓட்டிய வண்டிகளில் 8-ம் நம்பர் வண்டி அங்கே நிற்கிறது. இத்தனை சிறிய வண்டியா என்று பெரியவர் அதிசயப்பட்டார்.

பரவியதும் குறைந்ததும்

கிளே தெரு வெற்றியைப் பார்த்து மற்றத் தெருக்களும் கேட்டன. நகரத்தின் மற்ற மலைகள் பலவற்றிலும் வடம் ஓடியது. வாங்குவார் இல்லாத மலைமனைகளில் கோடீசுவரர்கள் மாளிகை கட்டினார்கள். 1881-ல் நியூஸீலாந்தில் டனீடின், 1882-ல் சிக்காகோ, 1884-ல் லண்டனில் ஹைகேட் குன்று, 1885-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் என்று வடம் உலகத்தைச் சுற்றியது. சிக்காகோ சமதரை ஊர். குதிரைக்குத் தீனி போட்டு மாளவில்லை என்று அவர்களும் வடத்துக்கு மாறினார்கள்.

ஹாலிடிக்குப் பணம் சேர்ந்தது. ஆகாயத்தில் வடம் கட்டி அதில் வாளிகளைத் தொங்கவிட்டு மலையிலிருந்து கனிப்பொருள்களை இறக்கும் முறைக்கும் அவர் உரிமை பெற்றிருந்தார். பழனியில் ரோப் காரில் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்ளாமல் இருந்தால் அந்த வித்தையையும் பார்க்கலாம்!

பணம் வந்த பிறகு அவர் செய்த காரியங்கள் எனக்கு இன்னும் பிடித்திருக்கின்றன. தொழிலாளிகளும் கைவினைஞர்களும் படிப்பதற்காக ஏற்பட்ட மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டுக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தார். நகரத்தில் இலவச நூல்நிலையம் அமையப் பாடுபட்டவர்களில் ஒருவர். கலிபோர்னியா சர்வகலாசாலையின் நிர்வாகக் குழுவில் 1868-ம் ஆண்டு முதல் கடைசி வரை உறுப்பினர். பட்டறையில் பகலும் புத்தகத்தில் இரவுமாக உடம்பைக் கெடுத்துக்கொண்ட பையனை அவர் மறக்கவில்லை போலும். மேயர் தேர்தலுக்கும் நின்று பார்த்தார். அதில் தோல்விதான்.

இதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. 1888-ல் ரிச்மண்ட் நகரில் மின்சார டிராம் நன்றாக ஓடிக் காட்டியது. வடத்துக்காகத் தெரு முழுவதும் பள்ளம் வெட்டும் செலவு இனி எதற்கு? நம் சென்னை வடத்தைத் தொடாமலே மின்சாரத்துக்குத் தாவியது. 1895-ம் ஆண்டு மே 7-ந் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓடியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். அதிலும் ஒரு வேடிக்கை. முதலில் சென்னை டிராமுக்கும் தெருவின் நடுவில் சந்து விட்டு, அடியில்தான் மின்சாரம் வைத்தார்கள். மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து கெடுத்ததால், பிறகு கம்பியை மேலே தூக்கிக் கட்டினார்கள். அந்த டிராம் 1953 ஏப்ரலோடு நின்றுபோயிற்று. காஞ்சிபுரத்திலிருந்து சேலை மூட்டையோடு சென்னைக்கு வந்தவர்கள் அதில் ஏறியதைச் சொல்லும் கிழவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஹாலிடியின் கிளே தெரு லைன் அவர் கண்முன்னாலேயே 1891-ல் மூடப்பட்டது. மற்ற லைன்கள் ஓடின. 1900-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் அவர் காலமானார். வயது 64. அந்த மாதங்களில்தான் நம் விவேகானந்தர் அந்த நகரத்திலும் சுற்றுப்புறங்களிலும் சொற்பொழிவுகள் செய்து வந்தார்.

ஹாலிடி போன ஆறாவது வருஷம் பூகம்பம் வந்தது. பின்னாலேயே தீ. யந்திரசாலைகளும் வண்டிகளும் நாசமாயின. திரும்பக் கட்டும்போது பல தெருக்களில் மின்சார டிராமைப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியதையும் எடுத்துவிட்டு பஸ் விடலாம் என்று 1947-ல் மேயர் அறிவித்தார். பிரீடல் கிளஸ்மன் என்ற அம்மாள் பெண்களைத் திரட்டிப் போராடினார். ஊர் ஓட்டுப் போட்டது. வண்டி பிழைத்தது. 1964-ல் நாட்டின் சரித்திரச் சின்னமாக அறிவித்தார்கள். 1982 முதல் 1984 வரை நிறுத்தி, தண்டவாளம், கால்வாய் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார்கள். இப்போது ஓடுவது மூன்றே லைன்.

பெரியவர் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், மகன் அவரைப் போர்ட்ஸ்மத் சதுக்கத்துக்கு அழைத்துப் போனார். அந்த விடியற்காலையில் ஹாலிடியின் வண்டி வந்து சேர்ந்த அடிவாரம் அதுதான். இன்று அது சீனர்கள் வாழும் பகுதி. கிழவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் வண்டி இங்கே வந்தது என்று ஒரு பலகை சொல்கிறது. பெரியவர் கிளே தெருவை நிமிர்ந்து பார்த்தார். தண்டவாளம் இல்லை, சந்து இல்லை. மேலே இரண்டு மின்சாரக் கம்பிகளைத் தொட்டுக்கொண்டு ஒரு டிராலி பஸ் அந்தச் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது.